டிக்கி எத்தனை லிட்டர்?

மகளின் மின்சார நாற்காலி என்ன எடை என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஓர் அரிசி மண்டி தேவைப்பட்டது. வாங்கும்போது கொடுத்த தாளில் 48 கிலோ என்று இருந்தது. அது பேட்டரி இல்லாத எடை என்பதைக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி இரண்டு, ஒவ்வொன்றும் 11 கிலோ. முதுகு கோணாமல் இருக்க இரண்டு பக்கமும் வைக்கும் அணைப்புகளும் மெத்தையும் சேர்ந்தால் இன்னும் மூன்று கிலோ. தெருமுனை மண்டியில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தபோது முள் 73-ல் நின்றது. "ஒரு சிப்பம் அரிசி 25 கிலோ சார், மூணு சிப்பம்னு வச்சுக்கங்க" என்றார் மண்டிக்காரர். கார் தேடும் படலத்தில் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான தகவல் அதுதான்.

மகளுக்கு எஸ்.எம்.ஏ. என்ற தசைச் சிதைவு நோய். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள்: வெளியே போகும்போது மடக்கு நாற்காலியைக் கொண்டுபோங்கள், இந்தப் பாரம் எதற்கு? தப்பான யோசனை இல்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸில் 2025-ல் 9 கிலோ எடையில் ஒரு சக்கர நாற்காலியே செய்துவிட்டார்கள். ஆனால் அதை உருட்டத் தோளில் வலு வேண்டும். வலு இல்லாதவர்களைப் பின்னாலிருந்து ஒருவர் தள்ள வேண்டும். "தள்ளுறவங்க எங்க நிறுத்துறாங்களோ அங்கதான் நான் கல்யாணத்தப் பாக்கணும்" என்றாள் மகள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. 73 கிலோவும் எங்களோடு வரும் என்று முடிவாயிற்று.

ஷோரூமில் எதைக் கேட்டாலும் லிட்டரில் பதில் வரும். டிக்கி இத்தனை லிட்டர், சீட்டை மடக்கினால் இத்தனை லிட்டர். எர்டிகாவில் மூன்றாவது வரிசை நிமிர்ந்திருக்கும்போது 209, மடக்கினால் 550. பெட்டி அடுக்குபவர்களுக்கு இது பயன்படும். நாற்காலி தண்ணீர் மாதிரி இடுக்கெல்லாம் நிரம்பாது. அதற்கு வேண்டியது டிக்கியின் வாய். செடான் காரில் டிக்கி எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வாய் குறுகல். முதுகு மடக்கிய நாற்காலிகூட அதில் நுழையாது. சி.என்.ஜி. போட்ட கார் என்றால் பெரும்பாலும் டிக்கியில் சிலிண்டர் ஏற்கெனவே படுத்திருக்கும்.

நாற்காலியைக் கடை கடையாகத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. அதனால் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, முதுகு மடக்கிய நாற்காலியின் அளவுக்கு ஒரு பெட்டி செய்தேன்: 63 செ.மீ. அகலம், 104 நீளம், 66 உயரம். கூடவே தையல் டேப் ஒன்று. இரண்டையும் எடுத்துக்கொண்டு திருச்சியில் ஏழெட்டு ஷோரூம் ஏறி இறங்கினேன். விற்பனைப் பையன்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு அவர்களே பெட்டியின் மறுமுனையைப் பிடித்தார்கள். இப்படி ஒரு பெட்டி செய்ய ஒரு மாலை நேரம் போதும். அது எனக்கு இரண்டு தப்பான காரிலிருந்து விடுதலை கொடுத்தது. ஒன்றில் சக்கர மேடுகளுக்கு நடுவே பெட்டி சிக்கிக்கொண்டது. இன்னொன்றில் உள்ளே போனது, கதவு மூடவில்லை.

மூன்றாவது ஓர் உயரமான எஸ்.யூ.வி. பெட்டி நழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அட்வான்ஸ் கொடுக்கப் போகும் முன், எதற்கும் இருக்கட்டும் என்று மகளை அழைத்துப் போனேன். நல்லவேளை. அவள் நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து 54 செ.மீ. அந்தக் காரின் முன் சீட்டு 76. சறுக்குப் பலகை வைத்து நகர்த்தும் வித்தையெல்லாம் இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தால்தான் நடக்கும். 22 செ.மீ. மேலே போகச் சறுக்க முடியாது, தூக்கத்தான் வேண்டும். நானும் என் மனைவியும் தூக்கினோம். அவள் தலை மேல் சட்டத்தில் இடித்தது.

"எல்லாரும் நாற்காலியவே அளக்குறீங்க. என்னை யாராவது அளந்தீங்களாப்பா?"

அதற்குப் பிறகு பட்டியலில் இன்னும் மூன்று அளவுகள் சேர்ந்தன, முதல் இடத்திலேயே சேர்ந்தன. முன் சீட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரம், கதவு எவ்வளவு அகலம் திறக்கிறது, சீட்டு எவ்வளவு பின்னால் தள்ளும். பின் கதவைவிட முன் கதவு பொதுவாக அகலமாகத் திறக்கும், சீட்டும் நகரும். அதனால் அவள் இடம் முன்னால்தான். நாற்காலியின் கால்மிதியை விலக்கித் திருப்ப முடிகிறதா என்றும் பாருங்கள். முடியாவிட்டால் நாற்காலி காரோடு ஒட்டி நிற்காது, நடுவில் ஒரு முழம் பள்ளம் விழும்.

கடைசியில் வாங்கியது ஒரு பழைய ஏழு இருக்கை கார். முன் சீட்டு 63 செ.மீ. மிச்சம் இருந்த வித்தியாசத்துக்கு வீட்டில் கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கொத்தனாரை வைத்து ஒன்பது செ.மீ. உயரத்துக்கு ஒரு சிமெண்ட் மேடையும் ஏறுவதற்குச் சரிவும் போட்டோம். நாற்காலி அதில் ஏறி நின்றால் இரண்டு இருக்கையும் ஒரே மட்டம். வெளியூரில் நடைபாதை ஓரம் அந்த வேலையைச் செய்யும்.

வரிச்சலுகையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நான் வாங்கியபோது, 40 சதவீதமோ அதற்கு மேலோ உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்குப் புதுக் காரில் ஜி.எஸ்.டி. சலுகை இருந்தது, கனரகத் தொழில் அமைச்சகத்தின் சான்றிதழோடு. நிபந்தனை: கார் நான்கு மீட்டர் நீளத்துக்குள் இருக்க வேண்டும். நாற்காலியோடு போகிறவர்களுக்குத்தான் பெரிய கார் வேண்டும், சலுகையோ சின்னக் காருக்கு! 2025 செப்டம்பர் 22 முதல் சிறு கார்களுக்கு எல்லோருக்குமே 18 சதவீதம் என்று ஆகிவிட்டது. சலுகையை நம்பி டிக்கியைச் சுருக்கிக்கொள்ளாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே வேனுக்குள் ஏறிப்போகும் வழியையும் யோசித்தோம். அதற்கு மோதல் சோதனை தாங்கிய நாற்காலி வேண்டும் (ஐ.எஸ்.ஓ. 7176-19 என்ற தரக்குறியீட்டைப் பார்க்க வேண்டும்), தரையில் நான்கு இடத்தில் கட்ட வேண்டும், ஆளுக்குத் தனியாக பெல்ட் வேண்டும். எங்கள் நாற்காலி அந்தச் சோதனைக்குப் போனதே இல்லை. வண்டியின் உடம்பை வெட்டி மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதியும் ஆர்.சி. புத்தகத்தில் பதிவும் வேண்டும். விட்டுவிட்டோம்.

இனி, நாற்காலியை டிக்கியில் ஏற்றும் ரேம்ப். கட்டடங்களுக்குச் சொல்லும் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. எங்கள் டிக்கியின் விளிம்பு 68 செ.மீ. உயரம், அந்தக் கணக்குப்படி போனால் எட்டு மீட்டருக்கு ரேம்ப் வேண்டும், பக்கத்து வீட்டு வாசலைத் தாண்டும். ஆள் உட்காராத வெறும் நாற்காலிதானே என்று 240 செ.மீ. போதும் என முடிவு செய்தேன். அந்தச் சரிவில் கையால் தள்ளினால் சுமார் 20 கிலோவை மேலே தூக்கும் பலம் வேண்டும். மோட்டாரில் ஏற்றினால் ஒரு விரல் போதும்.

துவாக்குடியில் பெல் தொழிற்சாலைக்குக் கொதிகலன் பாகங்கள் செய்து கொடுக்கும் பட்டறைகள் நிறைய உண்டு. அதில் ஒன்றில் அலுமினியத்தில் இரண்டு தனித்தனிப் பாதையாக அடித்து வாங்கினேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. நாற்காலியின் முன் சக்கரங்கள் சுழலும் சக்கரங்கள். பாதிச் சரிவில் ஒன்று திரும்பிக்கொண்டு ஓரத்தில் ஏறியது. நாற்காலி என் மேல் சாய்ந்தது. மச்சான் ஓடிவந்து பிடித்திருக்காவிட்டால் இதை எழுத வேறு ஆளைத்தான் பார்த்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் மோட்டாரிலிருந்து சக்கரத்தை விடுவிக்கும் லீவரையும் நான் இழுத்து வைத்திருந்தேன், லேசாக உருளட்டும் என்று. லீவரை இழுத்தால் பிரேக்கும் போய்விடும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. சரிவில் அந்த லீவரைத் தொடவே தொடாதீர்கள்.

இரண்டாவது முறை நடுவில் மடிக்கும் ஒரே தகடாகச் செய்தோம், 19 கிலோ. அதிலும் இரண்டு திருத்தம் வந்தது. ரேம்ப் முடிந்து கார் தரை தொடங்கும் முகட்டில் நாற்காலியின் வயிறு தட்டி நின்றது. மேல் நுனியை 15 செ.மீ. உள்ளே நீட்டி வளைத்ததும் சரியாயிற்று. அடுத்தது யாரும் முன்கூட்டிச் சொல்லாதது. பாரம் ஏற ஏற காரின் பின்புறம் ஸ்பிரிங்கில் அமுங்கும், ரேம்ப் மெல்லப் பின்னுக்கு நழுவும். இப்போது ரேம்பின் நுனியில் ஒரு கொக்கி, காருக்குள் ஒரு வளையம். கை பிரேக்கோடு காரை கியரிலும் போட்டுவிடுகிறேன்.

ஏற்றியதும் கட்ட வேண்டும். கட்டாத சாமான் மோதலின்போது தன் எடையைப் போல் இருபது மடங்குக்கும் மேலான விசையோடு முன்னால் பாயும். 73 கிலோவுக்கு அது ஒன்றரை டன். முன் சீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தால் சோம்பல் வராது. லாரிக்காரர்கள் கட்டும் ராட்செட் பெல்ட் நான்கு வாங்கி, நாற்காலியின் இரும்புச் சட்டத்தில் மாட்டி, கழற்றிவிட்ட மூன்றாவது வரிசை சீட்டின் போல்ட் இருந்த இடங்களோடு இழுத்துக் கட்டுகிறேன். கைப்பிடியிலோ சக்கரத்திலோ கட்டினால் அவை கழன்று வரும். மழைக்காலத்தில் நாற்காலியின் ஜாய்ஸ்டிக்குக்கு, குளிக்கும்போது தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பி அளவெடுத்தது போலப் பொருந்துகிறது.

பின்னால் நான்கு மீட்டர் காலியிடம் வேண்டும் என்பதை மட்டும் எந்த டேப்பாலும் ஊர்க்காரர்களுக்குப் புரியவைக்க முடியவில்லை. போன தை மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து வந்து பார்த்தால் எங்கள் காரின் பின்பக்கத்தை உரசிக்கொண்டு ஒரு வெள்ளைக் கார். மைக்கில் நம்பரை மூன்று முறை சொன்னார்கள், யாரும் வரவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க, மகள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு தானாகவே உள்ளே போனாள். அரை மணி கழித்துத் தேடிப் போனபோது, மணப்பெண்ணின் தோழிகளோடு இரண்டாவது பந்தியில் இருந்தாள்.