வேளாங்கண்ணி நடைப்பயண ஆயத்தம்: பாதை, படம், மூட்டை



ஆகஸ்டு மாதம் 29-ந் தேதி வேளாங்கண்ணியில் கொடியேறும். செப்டம்பர் 7-ந் தேதி மாலை பெரிய தேர், மறுநாள் திருநாள். இது நம் வீடுகளில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. ஆனால், "கும்மிடிப்பூண்டியிலிருந்து கால்நடையாகப் போய்த் தேரைக் காண வேண்டுமானால் என்றைக்குப் புறப்பட வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லுவார்கள். சென்ற ஆண்டு நானும் அப்படித்தான் குத்துமதிப்பாக ஒரு தேதியைச் சொன்னேன். அதன் பலனை முதலில் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு மரக்காணத்துக்கு அருகே, விடியுமுன் இருட்டில், என் கைப்பேசி ஒரு குறுக்குவழியைக் காட்டியது. பெரிய சாலையை விட்டு உப்பளத்தின் வரப்பு வழியே போனால் நடை குறையும் என்று தெரிந்தது. பின்தங்கிவிட்ட நாள்களைச் சரிக்கட்டும் ஆசையில் நான் முன்னே நடந்தேன்; கூட்டம் பின்னே வந்தது. அரை மணி நடந்தபின் வரப்பு முடிந்து நீரோடை குறுக்கிட்டது. திரும்பினோம். கடைசியில் வந்த ஒரு பாட்டியம்மாள் எங்களுக்கு முன்பே திரும்பிச் சாலை ஏறி, எதிர்த்திசையில் நடந்துவிட்டார். அவர் இல்லை என்பதை நாங்கள் அறிந்தபோது என் கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்திருந்தது. பாதை, தங்குமிடம், எல்லாருடைய தொலைபேசி எண்களும் அதற்குள்ளேதான் இருந்தன. நான்கு மணி நேரம் தேடி, ஒரு டீக்கடைப் பெஞ்சில் அவரைக் கண்டோம். கடைக்காரர் அவருக்கு இட்லி வாங்கித் தந்து உட்காரவைத்திருந்தார். பாட்டியின் மகள் என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆகையால் இவ்வாண்டு முறையாக ஆயத்தம் செய்யப்போகிறோம். முதலில் தூரம்.

படத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு: அட்சரேகை, தீர்க்கரேகை. கும்மிடிப்பூண்டியின் அட்சரேகை ஏறத்தாழ 13.4 பாகை, வேளாங்கண்ணியினது 10.7. வித்தியாசம் 2.7 பாகை. வடக்குத் தெற்காக ஒரு பாகை என்பது ஏறக்குறைய 111 கிலோமீட்டர். ஆகவே காக்கை பறக்கும் வழியில் 300 கிலோமீட்டர். நாம் காக்கையல்லவே! கவரைப்பேட்டை, காரனோடை, செங்குன்றம் வழியாகச் சென்னைக்கு 45. அங்கிருந்து கோவளம், மாமல்லபுரம், மரக்காணம் வழியாகப் புதுச்சேரிக்கு 155. பிறகு கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணிக்கு 165. ஆக 365 கிலோமீட்டர், சற்று ஏறக்குறைய.

தனி ஆள் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பான். கூட்டம் 4 கிலோமீட்டருக்கு மேல் நடவாது. கூட்டத்தின் வேகம் அதன் கடைசி ஆளின் வேகமே. விடியற்காலை மூன்றரை மணிக்குப் புறப்பட்டு, நடுவில் இளைப்பாறி, 9 மணிக்குள் 18 கிலோமீட்டர். வெயில் தாழ்ந்து 4 மணி முதல் 7 மணி வரை 10 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 28. அப்படியானால் 13 நாள் நடை, நடுவே புதுச்சேரியில் ஒரு நாள் ஓய்வு. செப்டம்பர் 7-ந் தேதி மாலை சேர வேண்டுமென்றால் ஆகஸ்டு 25-ந் தேதி விடியற்காலை நாம் கோயில் வாசலில் நிற்க வேண்டும். சென்ற ஆண்டு நான் சொன்ன தேதி 28.

இனி, கைப்பேசி எப்படி வழி காட்டுகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். இது தெரியாததால்தான் சிலர் அதை முழுதும் நம்புகிறார்கள், சிலர் தொடவே பயப்படுகிறார்கள்.

ஜி.பி.எஸ். என்னும் ஏற்பாட்டில் அமெரிக்கா செலுத்திய செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கிறது. நம் கைப்பேசி குறைந்தது நான்கு கோள்களின் குரலைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு தன் இடத்தைக் கணக்கிடுகிறது. கைப்பேசி கேட்கிறதேயன்றி, செயற்கைக்கோளுக்கு ஒன்றும் அனுப்புவதில்லை. ஆகவே இதற்கு இணையமும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம், காசும் வேண்டாம். வெட்டவெளியில் 5 மீட்டர் அளவுக்குச் சரியாகச் சொல்லும். பொதுமக்களுக்கு வேண்டுமென்றே பிசகாகத் தந்த வழக்கத்தை 2000-ம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசு நிறுத்திய பிறகே இந்த நுட்பம் நமக்குக் கிடைத்தது.

இது வானத்திலிருந்து இறங்கிய புதுமை என்று எண்ண வேண்டாம். 1802-ம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, இந்தியா முழுவதையும் அளப்பதற்கான முதல் அடிக்கோட்டை நம் பரங்கிமலை அருகிலேதான் போட்டார். 100 அடி நீள எஃகுச் சங்கிலியை மீண்டும் மீண்டும் விரித்து ஏறத்தாழ 12 கிலோமீட்டரை அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக எழுந்த அளவையே பின்னாளில் இமயமலை வரை சென்றது. தோமையாரின் மலையைக் கடக்கிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

செயற்கைக்கோள் உங்கள் இடத்தைத்தான் சொல்லும். அந்த இடத்தில் சாலை இருக்கிறதா, சேறு இருக்கிறதா என்பது கைப்பேசியில் உள்ள படத்தைப் பொறுத்தது. படமோ மனிதர் வரைந்தது. நான் பின்பற்றியது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொதுப் படம். 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கி, உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைந்து தருவது. யாரோ ஒருவர் வறட்சிக் காலத்து வானப்படத்தைப் பார்த்து உப்பள வரப்பைப் பாதையென்று வரைந்திருக்க வேண்டும். அவரைக் குறை சொல்லேன். இருட்டில் சாலையை விட்டு இறங்கியவன் நான். நம் இளைஞர்கள் பின்னர் அந்தக் குறிப்பைத் திருத்தினார்கள். அந்தப் படத்தை எவரும் திருத்தலாம் என்பதே அதன் சிறப்பு.

கூகுள் மேப்ஸ் உங்கள் எல்லாரிடமும் இருக்கிறது. அதிலும் படத்தை இறக்கி வைக்கலாம். ஆனால் இணையம் இல்லாதபோது அது மோட்டார் வண்டிக்கு வழி சொல்லுமேயன்றி, நடப்பவருக்குச் சொல்லாது. ஆகையால் ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் என்ற இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இணையமின்றி வேலை செய்யும். தமிழ்நாட்டுப் படத்தை மட்டும் இறக்கிவிட்டு நின்றுவிடாதீர்கள். புதுச்சேரியும் காரைக்காலும் வேறு ஆட்சிப் பகுதிகள். அவற்றின் படம் தனியே இருந்தால் அதையும் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் காரைக்கால் நடுத்தெருவில் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். சிப்காட் ஆலைகளில் வேலை செய்யும் ஜார்க்கண்டு, ஒடிசா சகோதரர்கள் சிலர் இவ்வாண்டு நம்மோடு வருகிறார்கள். அவர்களுக்குத் தமிழ்ப் பலகைகளைப் படிக்க வராது. படத்தின் மொழியை மாற்றி வைத்துக்கொடுப்பது நம் இளைஞர் கடமை.

பாதையை முன்கூட்டியே வரைந்து ஜி.பி.எக்ஸ். என்ற கோப்பாகச் சேமித்துவிட்டால், அதை வாட்ஸாப்பில் எல்லாருக்கும் அனுப்பலாம். படத்தின்மேல் ஒரு கோடாக அது தெரியும். கோட்டை விட்டு விலகினால் உடனே கண்ணில் படும். கோட்டைவிட முக்கியமானவை அதன் ஓரத்தில் நாம் இடும் புள்ளிகள். தண்ணீர், கழிப்பறை, தங்கும் மண்டபம், அரசு மருத்துவமனை, காவல் நிலையம்: இவற்றில் எதையும் விட வேண்டாம். பெட்ரோல் பங்குகளில் குடிநீரும் கழிப்பறையும் இலவசமாகத் தர வேண்டுமென்பது விதி. ஆகவே வழியிலுள்ள ஒவ்வொரு பங்கையும் குறியுங்கள். நம் தாய்மார்கள் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடியாமல் நடப்பதை நான் அறிவேன். மயங்கி விழுவதற்கு வெயிலைவிட அதுவே பெரிய காரணம்.

இப்படிக் குறிப்பது புதிய வழக்கமன்று. ஸ்பெயின் நாட்டில் சந்தியாகப்பர் கல்லறைக்குப் போகும் யாத்திரிகருக்காக 12-ம் நூற்றாண்டிலேயே ஒரு வழிகாட்டி நூல் எழுதப்பட்டது. எந்த ஆற்று நீர் நல்லது, எது ஆகாது என்றுகூட அதில் இருக்கிறது. பிற்காலத்தில் அந்த வழியில் நடப்பவர் அருகிப்போனார்கள். ஓ செப்ரெய்ரோ என்ற மலைக்கிராமத்தின் பங்குக் குரு எலியாஸ் வாலிஞா, 1980-களில் மஞ்சள் சாயத்தை எடுத்துக்கொண்டு, மரத்திலும் கல்லிலும் சுவரிலும் அம்புக்குறி வரைந்துகொண்டே போனார். அவர் 1989-ல் காலமானார். 2024-ம் ஆண்டில் அந்த வழிகளில் நடந்து சான்றிதழ் பெற்றவர்கள் ஏறத்தாழ 5 இலட்சம். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மஞ்சள் அம்பு இல்லை. அதற்குப் பதில்தான் இந்தப் புள்ளிகள்.

கைப்பேசி இருக்கட்டும், தாளும் வேண்டும். ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் அன்றன்று தங்கும் ஊர், மண்டபத்தின் பெயர், மூன்று தொலைபேசி எண்கள் எழுதிய அட்டை இருக்க வேண்டும், பிளாஸ்டிக் உறையில். பாட்டியிடம் சென்ற ஆண்டு இந்த அட்டை இருந்திருந்தால் டீக்கடைக்காரரே எங்களை அழைத்திருப்பார். நடக்கும்போது கைப்பேசியை விமான நிலையில் வையுங்கள்; பெரும்பாலான கைப்பேசிகளில் ஜி.பி.எஸ். அப்போதும் வேலை செய்யும், மின்சாரம் மிச்சமாகும். ஐந்து பேருக்கு ஒருவர் அழைப்புக்காகத் திறந்து வைத்திருந்தால் போதும். பத்தாயிரம் எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்று ஒரு கைப்பேசியை ஒன்றரை முறை நிரப்பும். தங்குமிடத்தில் ஒரே பிளக்குக்கு இருபது பேர் சண்டையிடாமலிருக்க நீண்ட ஒயர்ப் பலகை இரண்டு எடுத்துப் போகிறோம்.

சாலையைப் பற்றி ஒரு கண்டிப்பு. யாத்திரிகர் மீது வண்டி மோதிய செய்தியை ஆண்டுதோறும் வாசிக்கிறோம். இரவு 9 மணி முதல் மூன்றரை வரை யாரும் நடக்கக் கூடாது. லாரி ஓட்டுநர் கண்ணயரும் நேரம் அது. நடைபாதை இல்லாத இடத்தில் வலப்புறமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்துக்கொண்டு, ஒருவர்பின் ஒருவராக நடக்க வேண்டும். முதல் ஆளும் கடைசி ஆளும் ஒளிரும் மேலங்கி அணிந்து விளக்கு ஏந்த வேண்டும். கடைசி ஆள் பொறுப்பானவராக இருப்பார். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. மாதா சுரூபத்தோடு வரும் குட்டியானையில் ஒலிபெருக்கி வேண்டுமென்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பகலில் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் வேண்டாம், பின்னால் வரும் ஹாரன் சத்தம் காதில் விழாது.

மூட்டை உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 55 கிலோ ஆளுக்கு ஐந்தரைக் கிலோ. அதில் ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. இரண்டு மாற்றுத் துணி, மெல்லிய போர்வை, துண்டு, தலையில் கட்டும் விளக்கு, விசில், அன்றாட மருந்துகள், ஆதார் நகல். மற்றவை வண்டியில் வரட்டும். உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தட்டையாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இந்த அளவை மாற்றாதீர்கள்; உப்பு கூடினால் கெடுதல்.

கடைசியாகக் கால். வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துகொண்டவர்கள் நம்மிடையே பலர். நான் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் சர்க்கரை வியாதியுள்ளவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். சுட்டதும் குத்தியதும் தெரியாது, புண் ஆறாது, விரலை எடுக்கும் நிலை வரும். அவர்கள் செருப்பு அணியத்தான் வேண்டும். "சாமி, நேர்ச்சையாயிற்றே!" என்று கலங்க வேண்டாம். தக்க காரணமிருந்தால் தனியார் நேர்ச்சையிலிருந்து விலக்களிக்கவும், அதை மாற்றித் தரவும் பங்குக் குருவுக்குத் திருச்சபைச் சட்டம் 1196, 1197 எண்களில் அதிகாரம் தந்திருக்கிறது. என்னிடம் வாருங்கள்; ஐந்து நிமிட வேலை. செருப்பு அணிகிறவர்கள் புதிதை வாங்கி அன்றே புறப்படாதீர்கள். சிவந்து எரியும் இடத்தில் உடனே பிளாஸ்திரி ஒட்டுங்கள். கொப்புளம் வந்தபின் ஒட்டுவதால் பாதிப் பயன்தான்.

பதினான்கு நாள் விடுப்புக் கிடைக்காத ஆலைத் தொழிலாளிகள் பலர் என்பதை மறக்கவில்லை. ஒப்பந்த வேலைக்காரருக்கு ஒவ்வொரு நாளும் கூலி நட்டம். அவர்கள் பஸ்ஸில் புதுச்சேரி வந்து, செப்டம்பர் 2-ந் தேதி காலை எங்களோடு சேர்ந்துகொள்ளலாம். அங்கிருந்து ஆறு நாள் நடை. எங்கே நிற்கிறோம் என்று கைப்பேசியில் இடக்குறி அனுப்புவோம். குடும்பத்தை அரைப்பட்டினி போட்டு முழுத் தூரம் நடக்க வேண்டுமென்று மாதா யாரையும் கேட்கவில்லை.

பயிற்சி நடைகள் ஜூலை முதல் ஞாயிறு தொடங்கும். முதல் இரண்டு வாரம் கவரைப்பேட்டை வரை போய்த் திரும்புவோம். மூன்றாம் வாரம் பொன்னேரியிலிருந்து பழவேற்காடு மகிமை மாதா கோயில் வரை, மூட்டையோடு. வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்கு மண்டபத்தில் கைப்பேசிகளில் படம் ஏற்றித் தரப்படும். முழுதும் சார்ஜ் செய்து, கொஞ்சம் இடம் காலி செய்து கொண்டுவாருங்கள். கைப்பேசி இல்லாதவர்களும் வரவும். அட்டை எழுதும் வேலை நிறைய இருக்கிறது. சென்ற ஆண்டின் பாட்டியம்மாள் இவ்வாண்டும் பெயர் கொடுத்திருக்கிறார். முதல் அட்டை அவருக்கு.