நாவலுக்குக் குறிப்பெடுக்கும் தம்பி தங்கைகளுக்கு

மதுரையை வைத்து நாவல் எழுதப்போகிறேன் என்று வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, எந்தச் செயலியில் குறிப்பெடுப்பது என்றுதான். நியாயமான கேள்வி. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ 2008இல் வந்தது. மாலிக் காபூர் படையெடுப்பு தொடங்கி குற்றப் பரம்பரைச் சட்டக் காலம் வரை ஏறக்குறைய 600 ஆண்டுகளின் கதை. ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் நூல். அதற்குப் பத்தாண்டு உழைத்தார். 2011இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அத்தனை பெரிய சுமையை மனப்பாடமாகத் தூக்க முடியாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. குறிப்பு உங்கள் கையில் இருக்க வேண்டும். அப்சிடியன் என்ற செயலி எல்லாவற்றையும் சாதாரண எழுத்துக் கோப்புகளாக உங்கள் கணினியிலேயே வைக்கிறது. நாளை செயலி நின்றுபோனாலும் கோப்பு திறக்கும். நோஷன் என்ற செயலியும் வசதியானது, ஆனால் குறிப்புகள் அவர்கள் சர்வரில் கிடக்கும். மாதம் ஒருமுறை இறக்கி பென்டிரைவில் வையுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்காதீர்கள். யூனிகோடு ஒன்றே போதும்.

2. தேடும்போது முழுச் சொல்லை அடிக்காதீர்கள். ‘கிணறு’ என்று தேடினால் ‘கிணற்றில்’ வராது. ‘கிணற’ என்று நிறுத்துங்கள், இரண்டும் வரும். ‘மரம்’ என்றால் ‘மரத்தடி’ தப்பிவிடும், ‘மர’ போதும். வேற்றுமை உருபு ஏறியதும் நம் சொற்கள் உருமாறுகின்றன. செயலி செய்தவர்கள் இதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள், நாம்தான் பழகிக்கொள்ள வேண்டும்.

3. ஆண்டு வரிசைக்கென்று தனிக் கோப்பு வையுங்கள். மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். என் கதையில் 1880இல் ஒருவனை வைகைப் பாலத்தின்மேல் நடக்கவிட்டிருந்தேன். ஆல்பர்ட் விக்டர் பாலம் திறந்தது 1889இல். மூன்று அத்தியாயங்களைத் திருத்தி, அவனை வைகை மணலில் இறக்கி நடக்கவைத்தேன். அப்புறம்தான் அந்தக் காட்சிக்கு உயிர் வந்தது. மதுரைக் கோட்டைச் சுவர் இடிபட்டது கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், 1840களில். மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அதற்குப் பிறகு பெயர் பெற்றவை. நாயக்கர் காலத்து ஆள் அங்கே போக முடியாது. பெரியாறு அணை 1895. அந்தத் தண்ணீர் வருவதற்கு முந்தைய மேலூர் வேறு, பிந்தைய மேலூர் வேறு. ஒவ்வொரு அத்தியாயக் குறிப்பிலிருந்தும் இந்தக் கோப்புக்கு ஒரு இணைப்பு கொடுத்துவிடுங்கள்.

4. அழகர் ஆற்றில் இறங்குவது சித்திரைப் பௌர்ணமி. ஆங்கிலத் தேதி வருடத்துக்கு வருடம் மாறும். பஞ்சாங்கம் பார்த்துக் குறியுங்கள்.

5. ஊர்ப் பேச்சைக் காதில் விழுந்தபடியே எழுதுங்கள். ‘கம்மா’ என்று சொன்னவரை ‘கண்மாய்’ என்று திருத்தாதீர்கள். போனில் பேசித் தட்டச்சு செய்தால் அது சொல்லை மாற்றிப்போடும். ஒலிப்பதிவையும் குறிப்போடு சேர்த்து வையுங்கள். யார் சொன்னார், எந்த ஊர், என்ன வயது, எந்தத் தேதி என்ற நான்கும் இல்லாத குறிப்பு ஆறு மாதத்தில் உங்களுக்கே அந்நியமாகிவிடும்.

6. இதைக் கவனமாகக் கேளுங்கள். உசிலம்பட்டிப் பக்கம் போனால் களவும் காவலும் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் ரேகைப் பதிவும் 1920இல் பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூடும் இன்றும் வீட்டுக் கதைகள்தான். சொன்னவரின் பாட்டன் பெயரைப் பாத்திரத்துக்கு வைக்காதீர்கள். உண்மைப் பெயர்கள் பூட்டிய கோப்பில் தனியே இருக்கட்டும், இணையச் சேமிப்பில் ஏற்ற வேண்டாம். நம்பிப் பேசியவர்கள் நம் குறிப்பால் தலைகுனியக் கூடாது.

7. சேகரிப்பை நிறுத்த ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் குறிப்பும் வண்ண வண்ணக் குறிச்சொல்லும் வைத்துக்கொண்டு ஒரு பக்கமும் எழுதாதவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், மனம் வலிக்கிறது. ப. சிங்காரம் இளமையில் கண்ட பினாங்கையும் மேடானையும் மனதில் சுமந்து வந்து, இதே மதுரையில் நாளிதழ் வேலை பார்த்துக்கொண்டே ‘புயலிலே ஒரு தோணி’யை எழுதினார். அவர் எழுதியது இரண்டே நாவல்கள். உங்கள் குறிப்புகளில் ஏதோ ஓர் ஆள் ஏற்கெனவே பேசத் தொடங்கியிருப்பான். செயலியை மூடிவிட்டு இன்று இரவு அவனுக்கு இரண்டு பக்கம் எழுதுங்கள்.