நகமளவில் ஒரு சின்னம்: வகுப்பறையில் வடிவமைப்பு

“கை நல்லா வருது, படிப்புத்தான் வரல” என்று ஓவியம் வரையும் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் நம்மிடம் சொல்வதுண்டு. அந்தக் கைக்கும் உயர்கல்வி உண்டு என்பதற்குச் சான்று, நாம் நாள்தோறும் பார்க்கும் ₹ குறியீடு.

இதை வடிவமைத்த த. உதயகுமார் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்பு மையத்தில் தமிழ் எழுத்துருவியலை ஆராய்ந்தவர். 2009இல் மத்திய அரசு அறிவித்த போட்டிக்கு 3000க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. அவருடைய வடிவத்தை 2010 ஜூலை 15 அன்று அமைச்சரவை ஏற்றது. தேவநாகரி ‘ர’ எழுத்தும், செங்குத்துக் கோடு நீக்கிய ரோமன் ‘ஆர்’ எழுத்தும் அதில் ஒன்றாகின்றன. எளிதாக எழுதலாம், நாணயத்தில் சிறிதாகப் பொறித்தாலும் தெரியும். தேவையற்றதை நீக்குவதே வடிவமைப்பின் முதல் பாடம்.

செயல்பாடு 1: சின்னம் (8, 9ஆம் வகுப்புகள், ஒரு பாடவேளை)

திருச்செந்தூர் வட்டாரப் பள்ளிகளுக்கு உடன்குடிக் கருப்பட்டியே நல்ல பாடப்பொருள். சீனி கலந்த கருப்பட்டியும் அசலும் ஒரே மாதிரி ஓலைப்பெட்டியில் விற்கப்படும்போது, வாங்குபவருக்கு வேறுபாடு தெரிவதில்லை. இழப்பு பனையேறும் குடும்பத்துக்கே. ஆகவே, பெட்டியில் ஒட்டும் சின்னம் வெறும் அலங்காரமன்று. ‘இது எங்கள் பொருள்’ என்னும் பொறுப்பேற்பு.

1. நால்வர் கொண்ட குழுக்கள் அமைக்கவும்.
2. யார் வாங்குவார், அவருக்கு என்ன தெரிய வேண்டும் என்று முதலில் எழுதச் செய்யவும்.
3. ஒவ்வொரு குழுவும் ஆறு வரைவுகள் போடட்டும்.
4. தேர்ந்த வரைவைக் கட்டைவிரல் நகமளவில் மீண்டும் வரையட்டும்.

நான்காம் படியில்தான் கற்றல் நிகழும். எங்கள் வகுப்பில் கோபுரம் வரைந்த குழுவுக்கு நகமளவில் மைப்புள்ளிதான் மிஞ்சியது. அவர்களே நிலைகளைக் குறைத்து, ஒரு பனை ஓலையில் வந்து நின்றார்கள்.

செயல்பாடு 2: காகிதத் திரை (ஒரு பாடவேளை)

செயலி உருவாக்குவோர் கணினியைத் தொடும் முன் தாளில் வரைந்து சோதிப்பார்கள். கருப்பட்டி வாங்கும் செயலியின் திரைகளை மாணவர் தனித்தனித் தாள்களில் வரையட்டும். ஒருவர் விரலால் ‘பொத்தானை’த் தொட, மற்றொருவர் அதற்குரிய தாளை மாற்றுவார். பயன்படுத்துபவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே தாளைத் திருத்த வேண்டும். கணினி ஆய்வகம் தேவையில்லை.

மதிப்பீடு

அழகுக்கு மதிப்பெண் வேண்டாம். ‘எதை நீக்கினீர்கள், ஏன்?’ என்னும் கேள்விக்கான விடையை மதிப்பிடுங்கள். வரையத் தயங்கும் மாணவரும் இதில் முன்னே வருவார்.

மேனிலை மாணவரிடம் யூசீட் தேர்வு பற்றிக் கூறுங்கள். ஐ.ஐ.டி.களில் வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கான இந்த நுழைவுத்தேர்வைக் கலை, வணிகவியல் பிரிவினரும் எழுதலாம். பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன்பே பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்வது நல்லது.