மீன் எண்ணெய் மாத்திரை

மத்தி, கானாங்கெளுத்தி முதலிய கடல்மீன்களில் ஒமேகா-3 என்னும் கொழுப்பு அமிலம் மிகுந்துள்ளது. மீனின் எண்ணெயைப் பிழிந்தெடுத்து, மெல்லிய உறையில் அடைத்து மாத்திரையாக விற்கின்றனர். இதனை உண்டால் கொலஸ்டிரால் குறையும் எனப் பெரியோர் பலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கை சரியானதா?

நம் குருதியில் கொலஸ்டிரால், டிரைகிளிசரைடு ஆகிய கொழுப்புகள் உள்ளன. மீன் எண்ணெய் குறைப்பது டிரைகிளிசரைடையே. அதற்கும் நாள்தோறும் 2 முதல் 4 கிராம் வரை ஒமேகா-3 தேவை. 1 கிராம் எடையுள்ள சாதாரண மாத்திரையில் ஏறத்தாழ 300 மில்லிகிராம் ஒமேகா-3 மட்டுமே இருக்கும். எல்டிஎல் எனப்படும் தீய கொலஸ்டிராலை மீன் எண்ணெய் குறைப்பதில்லை. சிலருக்கு அது சற்றுக் கூடுவதும் உண்டு.

மாத்திரையை வெறும் வயிற்றில் உண்டால் மீன்வாடை வீசும் ஏப்பமும் குமட்டலும் தோன்றலாம். அளவு மிகுந்தால் வயிற்றுப்போக்கும் ஏற்படலாம். உணவு உண்ணும்போது பித்தநீர் சுரந்து எண்ணெயைச் சிறு துளிகளாக்கும். ஆதலால் உணவோடு உண்பதே நன்று.

மீன் எண்ணெயை நம்பி, மருத்துவர் தந்த கொலஸ்டிரால் மருந்தை நிறுத்தலாகாது. மாணவர்களே, புட்டியின் மேல் ஆங்கிலத்தில் உள்ள அளவுகளைத் தாத்தா பாட்டிக்குத் தமிழில் எடுத்துரையுங்கள்.

அருஞ்சொற்பொருள்
குருதி – இரத்தம்
குமட்டல் – வாந்தி வரும் உணர்வு

வினாக்கள்
1. மீன் எண்ணெய் எக்கொழுப்பைக் குறைக்கிறது?
2. மாத்திரையை உணவோடு உண்பது ஏன் நன்று?
3. ‘நிறுத்தலாகாது’ – பிரித்து எழுதுக.