அவையும் அங்காடியும்

அறிஞர் கூடும் அவைக்கும் வணிகர் கூடும் அங்காடிக்கும் பேச்சிலேயே வேறுபாடு உண்டு. அங்காடியில் நின்று, ‘என் சரக்கே சிறந்தது’ என்று ஒருவன் கூவினால் அதிற் குற்றம் காண்பார் இலர். அது அவன் தொழில். அவன் விற்க வந்தவன் என்பதை அறிந்தே மக்களும் கேட்கின்றனர். அறிஞர் அவையில் ஒருவர் எழுந்து, ‘இம்மருந்து இந்நோயைத் தீர்க்கும்’ என்று உரைத்தாலோ, கேட்போர் அதனை ஆராய்ந்து கண்ட உண்மை எனக் கொள்கின்றனர். ஐயமுற்றவர், ‘எவ்வாறு கண்டீர்? எத்தனை நோயாளரிடம் கண்டீர்? யாமும் செய்து பார்க்கலாமா?’ என வினவுவர். இவ்வினாக்களுக்கு விடை கூறக் கடமைப்பட்டவரே அவ்வவையிற் பேசத் தக்கவர். அங்காடியிற் கூவ வேண்டியவன் அவைக்குள் புகுந்து, அறிஞரின் குரலிலேயே பேசத் தொடங்கினால் யாது செய்வது? இவ்வினா அமெரிக்க மருத்துவரிடையே ஒரு காலத்தில் பெரிதாக எழுந்தது.

பரந்த நாடொன்றின் மருத்துவர் அனைவரும் அடிக்கடி ஓரிடத்திற் கூடிப் பேசுதல் இயலாது. ஆதலின் அச்சிட்ட இதழே அவர்களுக்கு அவையாயிற்று. 1847ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அமெரிக்க மருத்துவச் சங்கம், 1883ஆம் ஆண்டில் தனக்கென ஓர் இதழைத் தொடங்கியது. இன்ன பொருளால் ஆனதென்று வெளியிடாத இரகசிய மருந்தை மருத்துவர் எவரும் வழங்குதல் தகாது என்பது, அச்சங்கம் தோன்றிய ஆண்டிலேயே வகுத்த ஒழுக்க விதிகளுள் ஒன்று. ஆயினும், பின்னர் அச்சங்கத்தின் இதழிலேயே அத்தகைய மருந்துகளின் விளம்பரங்கள் இடம்பெற்று வந்தன! அவற்றுட் சில, மருத்துவக் கட்டுரை போன்ற நடையில், இரசாயனப் பெயர்கள் விரவி எழுதப்பட்டிருந்தன. இதழை அச்சிடப் பொருள் வேண்டும். பொருளைத் தருபவர் விளம்பரம் செய்வோர். விதி ஒரு பக்கமும் வருவாய் ஒரு பக்கமுமாக இழுத்தன என்க.

1905ஆம் ஆண்டில் சங்கம் ஒரு முடிவுக்கு வந்தது. மருந்தியலும் இரசாயனமும் வல்ல அறிஞர் சிலரைக் கொண்டு ஒரு குழுவை அமைத்தது. அக்குழு முதலிற் கையில் எடுத்தவற்றுள் தலைவலி மருந்துகளும் இருந்தன. அவை புதிதாகக் கண்ட தனிச் சேர்மங்கள் என்றும், இதயத்திற்கு ஊறு செய்யாதவை என்றும் விளம்பரம் பெற்றிருந்தன. சோதனைச் சாலையிற் பிரித்துப் பார்த்தபோது வேறொன்று விளங்கிற்று. அவற்றுட் பல, அசிட்டானிலைடு என்னும் பொருளோடு சமையற் சோடா முதலியவற்றைச் சேர்த்த வெறுங் கலவைகள். அசிட்டானிலைடு தலைவலியைத் தணிக்கும் என்பது மெய்யே. ஆனால், அளவு மிகுந்தால் அது குருதியின் தன்மையைக் கெடுத்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கச் செய்யும். உயிருக்கே இறுதி விளைத்ததும் உண்டு. மருத்துவர் அப்பெயரைக் கண்டிருந்தால் அளவறிந்து கொடுத்திருப்பர். வேறு பெயரில் வந்தமையால் அறியாமலே கொடுத்தனர். மறைத்த பெயர் ஒன்றால் விளைந்த கேடு இது. அடுத்த ஆண்டு, அதாவது 1906இல், அமெரிக்க அரசு இயற்றிய உணவு மருந்துச் சட்டம், அபின், கொக்கேயின், அசிட்டானிலைடு முதலியன கலந்த மருந்துகளின் சீட்டில் அவற்றின் பெயரையும் அளவையும் அச்சிட வேண்டும் என்று விதித்தது.

குழு வகுத்த விதிகள் எளியவை. மருந்தில் உள்ள பொருள்கள் இவை என வெளிப்படையாகக் கூறல் வேண்டும். மெய்ப்பிக்க இயலாத பயனைக் கூறலாகாது. மயங்கவைக்கும் பெயர் இடலாகாது. மருத்துவருக்கென ஒரு முகமும் பொதுமக்களுக்கென ஒரு முகமும் காட்டி விற்றலாகாது. இவற்றிற்கு இணங்கிய மருந்தின் பெயர் குழுவின் ஏட்டிற் பதிவு பெறும். இணங்காததற்குச் சங்கத்தின் இதழில் இடமில்லை. விற்பனை செய்தல் குற்றம் என இவ்விதிகள் கூறவில்லை என்பதை நாம் நோக்குதல் வேண்டும். வணிகரும் அவைக்கு வரலாம். வந்தால் அவையின் வினாக்களுக்கு விடை கூற வேண்டும் என்பதே கருத்து. இரகசியத்தைச் சோதித்தல் எவராலும் இயலாது. சோதிக்க இயலாத ஒன்றைக் குறித்து அறிஞர் விவாதித்தலும் இயலாது. விலக்கியதன் காரணம் இதுவே.

வணிகரை முற்றிலும் புறத்தே நிறுத்துதல் நன்றன்று என்பதற்கு இன்சுலின் ஒன்றே போதிய சான்று. கானடா நாட்டின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பான்டிங், பெஸ்ட் முதலியோர் 1921, 1922ஆம் ஆண்டுகளில் நீரிழிவுக்கு அம்மருந்தைக் கண்டனர். ஆனால், உலகெங்கும் வாடிய நோயாளருக்கு வேண்டும் அளவு அதனை ஆக்கும் ஆற்றல் அவர்தம் சோதனைச் சாலைக்கு இல்லை. அமெரிக்காவின் எலி லில்லி என்னும் மருந்து நிறுவனம் துணை நின்ற பின்னரே இன்சுலின் பல்லாயிரவர்க்குக் கிட்டிற்று.

இங்கிலாந்தின் வரலாறு சற்று வேறானது. அங்குப் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம், இரகசிய மருந்துகளை ஆராய்ந்து, கண்டவற்றை 1909இல் ஒரு நூலாக வெளியிட்டது. அக்காலத்தில் பெரும்புகழ் வாய்ந்தது பீச்சம் மாத்திரை. ‘ஒரு பெட்டி ஒரு கினி பெறும்’ என்பது அதன் விளம்பரம். அதிற் கண்ட சரக்குகள் கரியபோளமும் சுக்கும் சவர்க்காரமுமே! பெட்டி விற்ற விலை பதின்மூன்றரைப் பென்னி. உள்ளிருந்த சரக்கின் மதிப்போ அரைப் பார்த்திங். ஒரு பென்னிக்கு நான்கு பார்த்திங் எனக் கணக்கிடின், விலையின் நூற்றெட்டில் ஒரு பங்கே சரக்கின் மதிப்பு என்பது புலப்படும். வியப்பு அதனோடு முடியவில்லை. அந்நூலைக் குறித்துப் பணம் கொடுத்து விளம்பரம் செய்ய முயன்றபோது செய்தித்தாள்கள் பல இடம் தர மறுத்தன. மருந்து வணிகரின் விளம்பரத்தால் வாழ்ந்தவை அவை. பின்னர்ப் பாராளுமன்றக் குழுவொன்று இவற்றை விசாரித்து, 1914 ஆகஸ்டுத் திங்களில் அறிக்கை தந்தது. முதல் உலகப் போரும் அப்பொழுதே மூண்டது. அறிக்கையைக் கருதுவார் அருகினர்.

அமெரிக்காவில் எழுப்பிய மதிலும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1955இல் சங்கம் தன் ஒப்புதற் முறையைக் கைவிட்டது. அதன்பின் விளம்பர வருவாய் பெருகிற்று. ஐம்பது ஆண்டு முயன்று கட்டியதை வருவாயைக் கருதித் தளர்த்தியது ஏற்புடைய செயலாக எமக்குத் தோன்றவில்லை. 

இதற்குள், விற்போன் குரல் விளம்பரப் பக்கத்தை விட்டுக் கட்டுரைப் பக்கத்திற்கும் வந்துவிட்டது. மருந்து நிறுவனத்திடம் பொருள் பெற்ற ஆராய்ச்சியாளரே அந்நிறுவனத்தின் மருந்தைப் பற்றி எழுதும் நிலை உண்டாயிற்று. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் ஆசிரியராக விளங்கிய ஆர்னால்டு ரெல்மன், கட்டுரை எழுதுவோர் தமக்குள்ள பொருள் தொடர்பைத் தெரிவித்தல் வேண்டும் என 1984இல் விதித்தார். இன்று மருத்துவ இதழ்களிற் கட்டுரையின் ஈற்றில், எழுதியவர் எவரிடம் ஊதியமோ உதவியோ பெற்றார் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் காணலாம்.

1992ஆம் ஆண்டில் மற்றொரு சோதனை நேர்ந்தது. ஆராய்ச்சியாளர் மூவர், 10 மருத்துவ இதழ்களில் வந்த 109 முழுப்பக்க விளம்பரங்களைத் தொகுத்தனர். கட்டுரைகளைத் தகுதி பார்ப்பது போலவே, ஒவ்வொன்றையும் துறை வல்லாரிடம் அனுப்பிக் கருத்துக் கேட்டனர். விளம்பரம் ஒன்றையே நம்பி மருத்துவர் மருந்தளித்தால் தவறு நேரும் என வல்லுநர் கருதியவை நூற்றுக்கு 44. அச்சிடவே தகாதவை எனக் கூறியவை நூற்றுக்கு 28. இம்முடிவை வெளியிட்டது அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் உள்மருத்துவ இதழ். அதுவும் மருந்து விளம்பரங்களைத் தாங்கி வந்த இதழே. கட்டுரை வெளிவந்ததும் நிறுவனங்கள் சில தம் விளம்பரங்களை நிறுத்திக்கொண்டன. பத்து இலட்சம் டாலருக்குக் குறையாத வருவாய் அவ்விதழுக்கு இழப்பாயிற்று என மதிப்பிட்டனர். கட்டுரையை இதழாசிரியர் திரும்பப் பெறவில்லை. இன்றும் வேண்டுவோர் அதனை எடுத்துப் படிக்கலாம்.