எந்த மானியை நம்புவது?

கீரிப்பாறை ரப்பர் தோட்டங்களின் ஓரத்தில் மாலை வேளையில் நின்றால், காட்டுச் சில்வண்டுகளின் ரீங்காரம் காதைத் துளைக்கும். அந்த ஓசையை இரண்டு ஒலிமட்டமானிகளால் ஒரே இடத்தில் அளப்பதாகக் கொள்வோம். ஒன்று 53 டெசிபல் காட்டுகிறது, மற்றொன்று 57. எதை நம்புவது?

இது வெறும் வேடிக்கைக் கேள்வி அன்று. நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பு கட்டியுள்ளன. ஓர் ஆலையின் இரைச்சல் பற்றி ஊரார் முறையிட்டால், ஒரு மானி ஆலையை விடுவிக்கும். மற்றது குற்றம் சாட்டும்! 3 டெசிபல் கூடினாலே ஒலிச் செறிவு ஏறத்தாழ இரு மடங்காகும் அல்லவா?

மானிகளைச் சோதிப்போம். இதற்கென உள்ள ஒரு சிறு கருவியை ஒலிவாங்கியின் மேல் பொருத்தினால், அது 1000 ஹெர்ட்ஸில் 94 டெசிபல் ஒலி தரும். இரு மானிகளும் 94 என்றே காட்டுகின்றன. எனவே இரண்டும் சரியானவையா? 1000 ஹெர்ட்ஸில் சரி, அவ்வளவே.

ஐ.இ.சி. 61672 என்னும் பன்னாட்டுத் தரம் மானிகளை இரு வகுப்புகளாகப் பிரிக்கிறது. 1000 ஹெர்ட்ஸில் முதல் வகுப்புக்கு ±0.7, இரண்டாம் வகுப்புக்கு ±1 டெசிபல் விலகல் அனுமதி. 8000 ஹெர்ட்ஸிலோ முதல் வகுப்புக்கு +1.5 முதல் −2.5 வரை; இரண்டாம் வகுப்புக்கு ±5!

காரணம் என்ன? ஒலியின் வேகத்தை நொடிக்கு 340 மீட்டர் எனக் கொண்டால், 1000 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 34 செ.மீ.; 8000 ஹெர்ட்ஸ் அலைக்கு ஏறத்தாழ 4 செ.மீ. தான். நீண்ட அலை சிறிய கருவியைச் சுற்றிக்கொண்டு சென்றுவிடும். குறுகிய அலையோ கருவியின் உடலில் பட்டுத் தெறித்து, அளவை மாற்றிவிடும். சில்வண்டின் ஓசை பல ஆயிரம் ஹெர்ட்ஸ் கொண்டது. எனவே 94இல் ஒன்றுபட்ட மானிகள் காட்டோரத்தில் வேறுபடுவதில் வியப்பில்லை. இரண்டின் வகுப்பும் தெரிந்தால், முதல் வகுப்பு மானியையே அதிகம் நம்பலாம்.

வீட்டில் செய்து பாருங்கள்: இரு கைப்பேசிகளின் ஒலி அளக்கும் செயலிகளை அருகருகே வைத்து, முதலில் மின்விசிறியின் இரைச்சலையும், பிறகு சாவிக்கொத்தைக் குலுக்கும் ஓசையையும் அளந்து எழுதுங்கள். எதில் வேறுபாடு அதிகம்? திரையில் தசமப் புள்ளிக்குப் பின் இலக்கம் தெரிவதாலேயே அளவு துல்லியமானது என்று எண்ணிவிடாதீர்கள்!