தாயின் இரத்தமே சேயின் செல்வம்

கருவுற்ற பெண் நிறைய உண்டால் குழந்தை பெருத்துவிடும், பிரசவம் கடினமாகும் என்று கூறுவோர் உண்டு. இச்சொல்லை நம்பித் தன் உணவைக் குறைத்துக்கொள்ளும் தாய், தன் உயிரையும் சேயின் நலத்தையும் ஒருங்கே இடருக்குள்ளாக்குகின்றாள்.

சிங்கப்பூர் காட்டிய வழி

சிங்கப்பூரில் தேக்கா வட்டாரத்தை அடுத்துள்ள கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையை அறியாத தமிழர் அரியர். 1924ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், பெண்களுக்கு 30 படுக்கைகளுடன் அது மகப்பேற்று மருத்துவமனையாயிற்று. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கு 39,835 குழந்தைகள் பிறந்தன. அஃதாவது நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேல்!

ஆயினும், நகரத்து மருத்துவமனை மட்டும் நாட்டுப்புறத் தாய்மாரைக் காத்துவிட முடியாது. அக்காலத்தில் செம்பவாங், நீ சூன் பகுதிகளில் ரப்பர்த் தோட்டங்களும் கம்பங்களும் இருந்தன. 1920களின் பிற்பகுதியில் சிங்கப்பூருக்கு வந்த ஐடா சிம்மன்ஸ் என்னும் தாதி, தாய்மார் வரட்டும் என்று காத்திராமல், தம் தாதியருடன் கம்பந்தோறும் சென்று கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனித்தார். அவர் பணியாற்றிய காலத்தில் குழந்தை மரணம் பெரிதும் குறைந்தது. அன்று தாதி வீடு தேடி வந்தார். இன்று நாம் தாய் சேய் நல நிலையத்தை நாடிச் செல்லல் வேண்டும்.

இரத்தசோகையை ஒழிப்போம்

கர்ப்ப காலத்தில் தாயின் உடலில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகின்றது. அதற்குப் போதிய இரும்புச்சத்து கிடைக்காவிடில் இரத்தசோகை உண்டாகும். சோகையுற்ற தாயால் பிரசவத்தின்போது ஏற்படும் இரத்த இழப்பைத் தாங்க இயலாது.

வெறுங்காலுடன் நடப்போரின் பாதத் தோலைத் துளைத்துப் புகும் கொக்கிப் புழு, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். ஆதலின் பால் வெட்டச் செல்வோர் காலணி அணிதல் அவசியம். கழிப்பிடத்தையே பயன்படுத்துதலும் வேண்டும்.

முருங்கைக்கீரை, பயறு, முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றை இயன்றவாறு உண்ணுக. நெத்திலியை முள்ளுடன் உண்டால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து கிட்டும். உணவுடன் கொய்யா அல்லது எலுமிச்சை சேர்ந்தால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். தேநீரோ அதனைத் தடுக்கும். எனவே உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமேனும் விடுக.

கவனிக்க வேண்டியவை

1. மாதவிலக்கு நின்றதும் நிலையத்தில் பெயரைப் பதிவு செய்க. பேறுகாலத்திற்குள் எட்டு முறையேனும் பரிசோதனை தேவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

2. அங்கு தரும் இரும்புச்சத்து, போலிக் அமில மாத்திரைகளை நாள்தோறும் தவறாது உட்கொள்க. மலம் கறுத்தால் அஞ்ச வேண்டா. அது மாத்திரையின் இயல்பு.

3. களைக்கொல்லி தெளிக்கும் வேலையையும் பளு தூக்குவதையும் தவிர்க்க.

4. இரத்தப்போக்கு, கடுந்தலைவலி, பார்வை மங்கல், முகம் வீங்குதல், காய்ச்சல், நீர்க்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினும் விடியட்டும் என்றிராது உடனே மருத்துவமனைக்குச் செல்க.

கணவன்மாரே! வீட்டில் எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்பவளாக உங்கள் மனைவி இருத்தல் ஆகாது. இம்மாதங்களில் முதல் தட்டு அவளுக்கே உரியது.